தீயணைப்பு மண்டபத்து மேல்தளம்

வெண்டல் டோனாட்டியின் அலுவலகத்தை மூடும் வேலை அவன் மனைவி டார்லீன் தலையில் விழுந்தது. அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் கொட்டகைக்குச் சன்னல் வைத்து, தரையில் கம்பளம் போட்டு, இரண்டு மேசையும் இரண்டு கணினியும் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் ஹெரன் ஸ்லூ என்ற அந்தக் கடலோர ஊரிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் முப்பத்திரண்டு வருடமாக, கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது அந்தக் கொட்டகைதான். பள்ளிக்கூடம், பால் பண்ணை, கத்தோலிக்கக் கோயில் எதையும் விட்டுவைக்கவில்லை. கணினியில் தூண் தூணாக, சுவர் சுவராகக் கட்டடத்தை எழுப்புவது டார்லீன். அதைச் சரிபார்த்துக் கையெழுத்தும் முத்திரையும் வைப்பது உரிமம் பெற்ற பொறியாளனான வெண்டல். அவளுக்குப் பட்டம் கிடையாது. இரண்டு வருடம் படம் வரையக் கற்றாள், மற்றதெல்லாம் செய்து செய்து வந்தது.

இப்போது வெண்டல் முன்னறையில், மருத்துவமனைக்காரர்கள் கொண்டுவந்து போட்ட கட்டிலில் கிடந்தான். கணையத்தில் புற்று. அக்டோபரில் கண்டுபிடித்தார்கள், ஜனவரிக்குள் ஆள் பாதியாகிவிட்டான். வாரத்துக்கு மூன்று நாள் யோலண்டா என்ற நர்ஸ் வந்து, நாக்குக்கு அடியில் விடும் மார்ஃபின் சொட்டைக் கூட்டிவிட்டுப் போவாள். சாப்பாடு என்று ஒன்றும் இல்லை. கோழிச்சாறு இரண்டு கரண்டி, ஐஸ் துண்டு. ஊர்க்காரர்கள் மட்டும் விடாமல் எதையாவது கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஐந்து வீட்டு மக்ரோனி இருந்தது. வெளியே மழை நவம்பரில் பிடித்தது இன்னும் விடவில்லை.

வேலைகளையெல்லாம் பக்கத்து நகரமான யுரேகாவில் இருக்கும் ஒரு இளம் பொறியாளர் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. டார்லீன் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, கணினியில் கணக்கை ஓட்டிப் பார்த்து, அனுப்பிக்கொண்டிருந்தாள். திறந்து பார்க்காமல் அப்படியே அனுப்பியிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள். ஆனால் பெருக்காத வீட்டை விட்டுவிட்டு ஊருக்குப் போகிற ஜாதி இல்லை அவள்.

அந்த வியாழக்கிழமை காலை தீயணைப்பு மண்டபத்தின் முறை வந்தது. ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குச் சொந்தமான பழைய மரக் கட்டடம் அது. கீழே இரண்டு வண்டி நிற்கும், மேலே மண்டபம். ஊரில் கல்யாணமோ கருமாதியோ எல்லாம் அந்த மேல்தளத்தில்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால் அதை நிலநடுக்கத்துக்குப் பலப்படுத்தியது வெண்டல். இப்போது சமையலறைக்குப் புகைபோக்கி வைக்க வேண்டும் என்று படைத் தலைவன் மானி சில்வா கேட்டிருந்தான். வருகிற சனிக்கு அடுத்த சனி வருடாந்தர நண்டு விருந்து. இருநூற்று எண்பது பேர் மேலே உட்கார்ந்து நண்டு ஓட்டை உடைப்பார்கள்.

டார்லீன் ஓட்டினாள். எல்லாம் சரி என்று பச்சையாக வந்தது. புகைபோக்கி எடை உத்தரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க நடுவரிசை உத்தரத்தைத் தொட்டாள். கணினி அதன் விசைகளை வரிசையாகக் காட்டியது. நீளவாக்கில் இழுவிசை என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம்.

அவள் கை நின்றுவிட்டது. நிலம் ஆடும்போது தளத்தின் தள்ளுதலை வாரி எடுத்து, மாடிப்படிக்குப் பக்கத்து நடுச்சுவரில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே வைத்த உத்தரம் அது. அதில் இழுவிசை இல்லாமல் எப்படி இருக்கும்?

தளத்தின் குணத்தைத் திறந்து பார்த்தாள். 'விறைப்பானது' என்று இருந்தது.

அந்த மென்பொருளில் தளத்தை விறைப்பானது என்று குறித்துவிட்டால், அது முழுத் தளத்தையும் வளையாத ஒரே தட்டாக எடுத்துக்கொள்ளும். தட்டுக்கு நடுவில் இருக்கும் உத்தரம் நீளவும் வழியில்லை, சுருங்கவும் வழியில்லை. ஆகவே அதில் இழுவிசை பூஜ்யம் என்று காட்டும். கான்கிரீட் தளத்துக்கு அப்படிக் குறிப்பதில் தவறில்லை, அங்கேயும் இந்த உத்தரத்துக்கு மட்டும் கையால் தனிக்கணக்குப் போட வேண்டும். முதல் வரைபடத்தில் மண்டபத் தளத்துக்குக் கான்கிரீட் பூச்சுதான் இருந்தது. ஆனால் அந்தக் குளிர்கால வெள்ளத்தில் ஊருக்கு வரும் உப்பங்கழிப் பாலம் பலவீனமாகி, கனரக வண்டி போகக்கூடாது என்று பலகை வைத்துவிட்டார்கள். கான்கிரீட் லாரி வர முடியவில்லை. வெண்டல் பூச்சை எடுத்துவிட்டு, பழைய பலகைக்கு மேல் ப்ளைவுட் அடிக்கச் சொன்னான். டார்லீன் கணினியில் தளத்தின் எடையைக் குறைத்தாள். பெயரை மாற்றினாள். குணத்தை மாற்றவில்லை.

ப்ளைவுட் வளையும். வளைகிற தளம் சுமையை நியாயமாகப் பங்குபோட்டுக் கொடுக்காது. பாதிச் சுமையை நடுச்சுவர் தலையில்தான் கட்டும்.

அவள் குணத்தை மாற்றி மறுபடி ஓட்டினாள். நாற்பது விநாடி ஆனது. அதே உத்தரத்தைத் தொட்டாள். முப்பத்துநாலாயிரம் பவுண்டு. உத்தரத்தைச் சுவரோடு பிடித்திருந்தது நாலு போல்ட். நாலும் சேர்ந்து பதினோராயிரம்தான் தாங்கும்.

ஏன் மறந்தோம் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். ஒரு காரணம் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. கோப்பில் இருந்த தேதியைப் பார்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை. யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை, வீட்டில் சண்டை இல்லை. சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை. கோப்பை மூடிவிட்டு எழுந்தாள்.

வீட்டுக்குள் போனபோது யோலண்டா பையை மூடிக்கொண்டிருந்தாள்.

"தூங்குறாரா?"

"கண்ணை மூடிட்டு இருக்காரு. என்னை நர்ஸ்னு நம்பவே மாட்டேங்குறாரு. எத்தனை சொட்டு, எத்தனை மணிக்குன்னு கணக்குக் கேக்குறாரு." யோலண்டா குரலைத் தாழ்த்தினாள். "டார்லீன், சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா சொல்லிருங்க. அடுத்த வாரம் இவ்வளவு தெளிவா இருப்பாருன்னு சொல்ல முடியாது."

"சொல்லக்கூடாதது இருந்தா?"

யோலண்டா அவளைப் பார்த்தாள். ஏதோ பழைய காதல் விவகாரம் என்று நினைத்திருக்க வேண்டும். "அது உங்க இஷ்டம்," என்று சொல்லி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டாள்.

டார்லீன் கோழிச்சாற்றைச் சுடவைத்தாள். சொல்லாமல் இருந்தால் என்ன என்று அடுப்புக்கு முன்னால் நின்று யோசித்தாள். யுரேகாக்காரரிடம் சொல்லலாம். அவர் புதிதாகக் கணக்குப் போட்டு, ஆராய்ந்து, கடிதம் எழுத ஒரு மாதம் ஆகும். நண்டு விருந்து ஒன்பதாம் நாள். முத்திரை இல்லாத அவள் பேச்சைக் கேட்டு எந்த ஊரில் மண்டபத்தை மூடுவார்கள்? வெண்டல் சொன்னால் அன்றைக்கே மூடுவார்கள். அதற்கு வெண்டலிடம் சொல்ல வேண்டும். சாகப்போகிறவன் நிம்மதியைக் கெடுக்க வேண்டும்.

கரண்டியை வாயருகே கொண்டுபோனபோது அவன் கண்ணைத் திறந்தான்.

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"வரி கட்டுற மாசம் மாதிரி இருக்கு. எந்தக் கோப்பு?"

"முதல்ல இதைக் குடி."

"எந்தக் கோப்புன்னு கேட்டேன்."

"மண்டபம்." கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "நடுவரிசை பீம்ல இழுவிசை ஜீரோன்னு வருது, வெண்டல்."

அவன் மேற்கூரையைப் பார்த்தான். மருந்து மயக்கத்தில் அவனுக்குப் புரியாமல் போகட்டும் என்று ஒரு நிமிடம் அவளுக்கு ஆசை வந்தது.

"தளம் ரிஜிட்னு இருக்கா?"

"ஆமா."

"கான்கிரீட்டை எடுத்தோமே."

"எடுத்தோம். நான் மாத்தல."

 அவன் உதடு அசைந்தது. அவள் பக்கத்தில் குனிந்தாள். அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"பாதித் தளம் நடுச்சுவருக்கு வரும்... முப்பதுக்கு மேல இருக்கணுமே."

"முப்பத்திநாலு."

"நாலு போல்ட்."

"நாலு போல்ட்."

"டார்லீன், அந்த ஜீரோவை நான் பாத்தேன்." மூச்சு வாங்க நிறுத்தினான். "காகிதத்துல அச்சடிச்சுக் குடுத்தியே. பென்சிலால டிக் போட்டேன். அந்த பீமுக்குக் கணக்குப் போடுற வேலை மிச்சம்னு சந்தோஷமாக்கூட இருந்துச்சு. இத்தனை வருஷம் காலேஜ் பசங்களுக்கு வகுப்பெடுத்தவன் நான். ஜீரோ வந்தா நம்பாதீங்கடான்னு சொன்னவன்."

"நீ டிக் போட்ட. தப்பைச் செஞ்சவ நான்."

"கம்ப்யூட்டரை இங்க கொண்டா. கடுதாசி அடி."

அவள் மடிக்கணினியைக் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் சொல்லச் சொல்ல அடித்தாள். இரண்டு வரிக்கு ஒரு தரம் அவன் கண்ணயர்வான், அவள் காத்திருப்பாள். மண்டபத்தின் மேல்தளத்தை உடனே மூட வேண்டும். கீழே நிற்கும் வண்டிகளையும் வெளியே எடுக்க வேண்டும். இணைப்பைப் பலப்படுத்தும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. அதுவரை சரியாகத்தான் போனது.

"அடுத்து எழுது. தளத்தை விறைப்பானதென்று தவறாகக் குறித்து நான் கணக்கிட்டேன்."

அவள் அடிக்கவில்லை.

"எழுதினியா?"

"'அலுவலகத்துல தவறாகக் குறிக்கப்பட்டது'ன்னு போடுறேன்."

"அலுவலகம்னா யாரு, அந்த மேசையா? நான்னு போடு."

"அப்ப என் பேரைப் போடு. நான்தானே செஞ்சேன்."

"முத்திரை யாருது?"

"முத்திரைதான் உன்னுது. விரல் என்னுது."

"சட்டத்துல விரலுக்கு இடம் இல்ல, டார்லீன்."

"நான் சட்டத்தைப் பத்திப் பேசல."

அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். கண் மஞ்சளாக இருந்தாலும் அதில் பழைய பிடிவாதம் அப்படியே இருந்தது. "நான் பத்து நாள்ல போயிருவேன். என் மேல எதைப் போட்டாலும் எனக்கு வலிக்காது. நீ இங்க இருக்கப்போறவ. தபால் ஆபீஸ் போகணும், கடைக்குப் போகணும். மானி பொண்டாட்டி மூஞ்சில முழிக்கணும்."

"முழிக்கிறேன். முழிக்க வேண்டியவதானே நான். இத்தனை வருஷம் வேலை பூரா செஞ்சேன், பேரெல்லாம் உனக்கு. ஒரு நாளும் நான் கேட்டதில்ல. இப்ப தப்பைக்கூட எனக்குக் குடுக்க மாட்டியா?"

அவனுக்கு அது உறைத்தது. கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தான். பிறகு, "மாட்டேன்," என்றான்.

அவள் 'நான்' என்று அடித்தாள். சண்டை போட நேரமில்லை. அச்செடுத்து வந்து அட்டையில் வைத்துக் கொடுத்தாள். கையெழுத்தை எப்படியோ இழுத்துவிட்டான். முத்திரையை மையில் ஒற்றிக் காகிதத்தில் அழுத்த அவனுக்குப் பலமில்லை. இரண்டு தரம் பாதி வட்டம்தான் விழுந்தது. மூன்றாவது காகிதத்தில் அவள் தன் கையை அவன் கைமேல் வைத்து அழுத்தினாள். முழு வட்டம் விழுந்தது. எலும்பும் தோலுமாக அந்தக் கை அவள் உள்ளங்கைக்குள் சூடாக இருந்தது. எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

டார்லீன் வரச்சொல்லியிருந்தாள், மதியம் மானி வந்தான். சிப்பிப் பண்ணையில் வேலை, அங்கிருந்து நேராக வந்ததால் ரப்பர் பூட்ஸில் சேறு. ஐம்பது வயது இருக்கும். இருபது வருடமாகப் படைத் தலைவன். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு ஒரு வாளி சிப்பியோடு உள்ளே வந்தான்.

"என்ன இன்ஜினீயரே, எழுந்திரிச்சு வாங்க, எலுமிச்சை பிழிஞ்சு ஆளுக்கு ஒரு டஜன் முழுங்குவோம்."

"உக்காரு, மானி."

டார்லீன் கடிதத்தைக் கொடுத்தாள். மானி நின்றபடியே படித்தான். படித்து முடித்து மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"இது எப்ப வரைக்கும்?"

"யுரேகாக்காரர் புது இணைப்பு வரைஞ்சு, ஆள் வந்து போடுற வரைக்கும். மூணு மாசம் வச்சுக்க," என்றாள் டார்லீன்.

"நண்டுக்குச் சொல்லியாச்சு. தொள்ளாயிரம் பவுண்டு. டிக்கெட் பூரா வித்தாச்சு." அவன் குரல் ஏறவில்லை, இறங்கியது. "பதினோரு வருஷமா நிக்குதே, வெண்டல். அதுல ரெண்டு பெரிய ஆட்டம் ஆடிருச்சு. மேல ஒரு கண்ணாடித் தம்ளர்கூட விழல."

"அது ரெண்டும் தள்ளி ஆடுச்சு. நமக்குக் கீழ ஆடினா தளம் சுவரை விட்டுப் போயிரும். வண்டி மேலதான் விழும்."

மானி நாற்காலியில் உட்கார்ந்தான். தொப்பியை எடுத்து முழங்காலில் வைத்தான். "எம்பொண்ணு மரிஸா கல்யாணத்தை அங்கதான் வச்சேன். முந்நூறு பேரு ஆடினாங்க. எங்கம்மா சக்கர நாற்காலியோட நடுவுல." தொப்பியின் விளிம்பைத் தடவியபடி, "நடுவுலன்னா, அந்த பீம் மேலதான், இல்ல?"

 டார்லீன் அங்கே நிற்க முடியாமல் காபி போட உள்ளே போனாள். முன்னறையில் இருவரும் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. திரும்பி வந்தபோது மானி எழுந்து நின்று வெண்டலின் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தான். காபி குடிக்காமலே போய்விட்டான். ஒரு மணி நேரத்தில் இரண்டு வண்டியும் மண்டபத்திலிருந்து வெளியே வந்து மழையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றன. கதவில் சிவப்புக் காகிதம் ஒட்டியாயிற்று.

ஊர் பேசியது. எப்படிப் பேசாமல் இருக்கும்? டார்லீன் பால் வாங்கப் போன இடத்தில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பேசியதைக் கேட்டாள். "பாவம், அப்பவே உடம்புக்கு முடியாம இருந்திருக்கும்ங்குறேன்." "உடம்புக்கும் கணக்குக்கும் என்ன? முந்நூறு பேரு உசிரு. கையெழுத்துப் போடுறப்ப பாக்க வேணாமா?" அவள் பால் எடுக்காமல் வந்துவிட்டாள். நண்டு விருந்து ரத்தானது. டிக்கெட் வாங்கியவர்கள் மண்டப வாசலில் வரிசையில் நின்று நண்டைத் தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். மக்ரோனி வருவது நின்றது.

விருந்து நடந்திருக்க வேண்டிய சனிக்கிழமைக்கு மூன்றாம் நாள், காலை காபி நேரத்தில் வெண்டல் போய்விட்டான். கடைசி நாலு நாள் அவன் பேசவில்லை. அவள் மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொண்டாள், மன்னிப்புக் கேட்டாள், யுரேகாவிலிருந்து அவசர அவசரமாகப் புது இணைப்பின் வரைபடம் வந்துவிட்டது, பதினாறு போல்ட் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னாள். கேட்டானோ இல்லையோ.

கோயிலில் அடக்கப் பூசை முடிந்து சாப்பாட்டுக்கு மண்டபம் இல்லை. மானிதான் சிப்பிப் பண்ணையின் பொட்டலம் கட்டும் கொட்டகையைக் கழுவிவிட்டு மேசை போட்டிருந்தான். எவ்வளவு கழுவினாலும் சேற்று வாடை போகவில்லை. டார்லீன் பத்துப் பேர் வந்தால் அதிகம் என்று நினைத்திருந்தாள். நூற்றைம்பது பேர் வந்தார்கள். பன்றித் தொடை, பீன்ஸ், உருளைக்கிழங்கு, ஜெல்லி என்று மேசை நிறைந்துவிட்டது. ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்தார்கள். நல்ல மனுஷன் என்றார்கள். ஒரு இடத்துல சறுக்கிட்டாரு, ஆனா ஒத்துக்கிட்டாரு பாரு, எத்தனை பேரு ஒத்துக்குவான் என்றார்கள். சறுக்கிவிட்டார் என்ற வார்த்தை ஏழாவதோ எட்டாவதோ தரம் காதில் விழுந்தபோது டார்லீன் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஒரு நிமிஷம் கேளுங்க," என்றாள். தலைகள் திரும்பின.

"மண்டபத்துக் கணக்குல தப்பு செஞ்சது வெண்டல் இல்ல. கம்ப்யூட்டர்ல அதைப் போட்டது நான். கான்கிரீட்டை எடுத்ததும் தளத்தோட குணத்தை மாத்தியிருக்கணும், நான் மாத்தல. அவன் எனக்காகத் தன் பேரைப் போட்டுக்கிட்டான். உங்க பிள்ளைங்களை அந்தத் தளத்து மேல ஆடவிட்டது நான்தான். திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க."

 அவள் காத்திருந்தாள். பதினோரு வருடத்துக்கு உண்டான கோபம் எங்கிருந்தாவது கிளம்பும், வாங்கிக்கொள்ளலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முன்வரிசையில் இருந்த மானியின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஒரு முகத்திலும் கோபம் இல்லை. எல்லா முகத்திலும் இரக்கம் இருந்தது.

மானி எழுந்து வந்து அவள் தோளில் கை போட்டான். "உக்காருங்க, டார்லீன்."

"நான் நிஜமாத்தான் சொல்றேன், மானி. கோப்பைத் திறந்து காட்டுறேன். தேதி இருக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை."

"சரி, சரி."

"நீ நம்பல."

மானி அவளை மெதுவாக நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னான். "வெண்டல் அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. நீங்க காபி போடப் போனப்ப. 'நான் போனதுக்கப்புறம் தப்பு தன்னோடதுன்னு டார்லீன் சொல்லுவா, எம்மேல உள்ள பாசத்துல சொல்லுவா, யாரும் நம்பிராதீங்க. ஊருல எல்லார்கிட்டயும் சொல்லி வை'ன்னாரு. சொல்லி வச்சிருக்கேன்."

டார்லீன் அவனைப் பார்த்தாள்.  ஒரு வழியையாவது விட்டுவைத்திருக்கிறானா அந்த மனுஷன். எத்தனை சுவர், எத்தனை கதவு என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டு அடைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவளுக்கு ஆத்திரம் வந்தது. இப்போதே வீட்டுக்குப் போய் அவனோடு சண்டை போட வேண்டும் போல இருந்தது. சண்டை போட வீட்டில் ஆள் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு முதல்தடவையாக உறைத்தது.

அவன் போன நாளிலிருந்து அழாதவள் அப்போது வாய்விட்டு அழுதாள். பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அழட்டும், அழுதால்தான் ஆறும் என்றார்கள். மானியின் மனைவி ஒரு தட்டில் உருளைக்கிழங்கும் பன்றித் தொடையும் வைத்துக்கொண்டு வந்து, ஒரு வாயாவது சாப்பிடு என்று கெஞ்சி, அவள் மடியில் வைத்தாள்.